இலையில் ஒடுக்கு விழாது

போன மாதம் வரை, விண்ணரசி அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போகிறவர்கள் ஒரு விஷயம் தெரிந்துகொண்டு போவது நல்லதாக இருந்தது. அங்கே தட்டைக் கீழே போட்டுவிடக் கூடாது. போட்டு, அதில் ஒடுக்கு விழுந்துவிட்டால், அக்காவின் வீட்டுக்காரர் ரெமிஜியஸ் அண்ணனுக்கு முகம் வெளுத்துவிடும். தட்டை நம் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடுவார். போன கிறிஸ்துமஸுக்குக் குடில் பொம்மைகளை எடுக்கப் பரணில் ஏறிய அக்கா, சூசையப்பருக்கும் ஒட்டகத்துக்கும் பின்னால் ஏழு எவர்சில்வர் தட்டுகளைக் கண்டெடுத்தார். ஏழிலும் ஒடுக்கு. எல்லாம் நாலைந்து வருஷத்தில் அண்ணன் கை தவறிப் போட்டவை. ஒவ்வொரு தடவையும் மனுஷன் அன்றைக்கே கடைக்கு ஓடிப் புதுத் தட்டு வாங்கி வந்து அடுக்கில் செருகியிருக்கிறார். அக்கா ஏழையும் திரும்பப் பரணிலேயே வைத்துவிட்டு, ஒட்டகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினார்.

ரெமிஜியஸ் அண்ணன் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். எறும்பை மிதித்துவிட்டால் சிலுவை போட்டுக்கொள்கிற ஆள். அவர் ஏன் தட்டுக்குப் பயப்பட வேண்டும் என்றால், அவர் மனைவி பார்க்கிற வேலை அப்படி.

அக்கா மாவட்ட மனநலத் திட்டத்தில் சமூகப் பணியாளர். நான் ஹுமைரா, அதே குழுவில் நர்ஸ். எனக்கு மூக்குக்கு மேல் கோபம், நர்ஸ் வேலைக்கு ஆக மாட்டாய் என்று என் உம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். மனநலப் பிரிவில் போட்டார்கள். டாக்டர் ஜெய்னுலாபுதீன், அக்கா, நான் மூன்று பேரும் மாத்திரைப் பெட்டியோடு ஒரு வண்டியில் ஏறி, நாளுக்கு ஓர் ஊராகப் போய் வருவோம். வியாழக்கிழமை ஒரத்தநாட்டுப் பக்கம்.

வருகிறவர்களில் பாதிப் பேர் பெண்கள். தலைவலி, தூக்கமில்லை, நெஞ்சு படபடப்பு, கைகால் குடைச்சல். எல்லாப் பரிசோதனையும் எடுத்து முடித்து, எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு எங்களிடம் தள்ளிவிடப்பட்டவர்கள். வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று கேட்டால், "ஒன்னுமில்லைங்க, அவரு தங்கமான மனுசன்" என்பார்கள். இந்த டெல்டாவில் தங்கமான மனுஷர்களைக் கட்டிக்கொண்டவர்களுக்குத்தான் தூக்கமே வருவதில்லை. சென்னையிலிருந்து எங்களுக்கு ஒரு படிவம் அனுப்பியிருந்தார்கள், இருபத்திரண்டு கேள்வி. முதல் கேள்வி, 'தங்கள் இணையர் தங்களை உடல்ரீதியாகத் துன்புறுத்துகிறாரா?' இதைப் படித்துக் காட்டினால், "அது யாருங்க இணையர்?" என்று கேட்பார்கள். விளக்கிச் சொன்னால் எழுந்து போய்விடுவார்கள்.

அக்கா படிவத்தை மேசை ஆடாமல் இருக்கக் காலுக்கு அடியில் வைத்துவிட்டு, தன் கேள்வியைக் கேட்பார்.

"வீட்டுல சாப்பாட்டுத் தட்டு எத்தனைம்மா இருக்கு?"

"எட்டு இருக்கும்ங்க."

"எத்தனையில ஒடுக்கு விழுந்திருக்கு?"

"அஞ்சுல."

"அஞ்சும் எப்படி விழுந்துச்சு?"

அவ்வளவுதான். புருஷனைப் பற்றிப் பொய் சொல்லத் தயாராக வந்தவர்கள் தட்டைப் பற்றிப் பொய் சொல்லத் தயாராக வருவதில்லை. முதல் தட்டு நழுவி விழுந்தது என்பார்கள். இரண்டாவது தட்டுக்கு வரும்போது முந்தானை கண்ணுக்குப் போய்விடும். தஞ்சாவூரில் ஒரு பயிற்சிக் கூட்டத்தில் அக்கா இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் பின் வரிசையில் இரண்டு பெண்கள் சிரிப்பதை நிறுத்தியதை நான் பார்த்தேன்.

இந்தக் கேள்வியை அக்கா எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அவருடைய அப்பா ஆசீர்வாதம் மாதா கோயில் பங்குப் பேரவையில் பெரிய ஆள். கோயிலில் வாசகம் வாசித்தால் கல்லும் கரையுமாம். வீட்டில் குழம்பில் புளி கூடினால் தட்டு பறக்கும். "திருவிழா வருதுன்னா எங்க வீட்ல மொதல்ல கேக்குறது கோயில் மணி இல்ல, ஹுமைரா. விருந்தாளி வரதுக்குள்ள அம்மா ஒவ்வொரு தட்டையும் கவுத்துப்போட்டு அம்மிக் குழவியால ஒடுக்கு எடுப்பாங்க, அந்தச் சத்தம்தான்" என்று ஒருநாள் வண்டியில் சொன்னார். சொல்லிவிட்டு, வழியில் வெள்ளரிப் பிஞ்சு விற்றவரிடம் பேரம் பேச இறங்கிவிட்டார். அக்கா அப்படித்தான்.

பதினோரு வருஷமாக இந்தக் கேள்வி தன்னைக் கைவிட்டதில்லை என்று அக்காவுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. யானைக்கும் அடி சறுக்கும். போன வருஷம் ஆனி மாதம் சறுக்கியது.

அந்த வியாழக்கிழமை ரெங்கசாமி வந்தார். நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கையில் கயிறு கட்டிய ஃபைல், பின்னால் ஓரடி தள்ளி மனைவி கலைமகள். சம்பா கொள்முதல் முடிந்து, குறுவைக்கு நிலையம் திறக்காத காலம். மூட்டையும் இல்லை, பட்டியலும் இல்லை. எழுதிப் பழகின கை சும்மா இருந்ததுதான் பின்னால் நடந்ததற்கெல்லாம் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

"மேடம், இவங்களுக்கு மனநிலை சரியில்லைன்னு ஒரு சர்டிபிகேட் வேணும்" என்றார். சிட்டா அடங்கல் கேட்கிற தோரணை.

"எதுக்குங்க?" என்றார் டாக்டர்.

"கோர்ட்டுக்கு. வக்கீல் கேக்குறாரு. டைவர்ஸ் ஆனா பாப்பா எங்க அம்மாகிட்ட வளரணும்ல, அதுக்கு இந்த டாக்குமெண்ட் அவசியமாம். மெஷின் ஏதாச்சும் வச்சுப் பாத்தா உடனே தெரிஞ்சிடுமா சார்?"

"ஈரப்பதம் பாக்க நெல்லுக்குத்தான் மெஷின் இருக்கு. மனுசங்களுக்கு இன்னும் வரலை" என்று சொல்லி டாக்டர் அவரை வெளியே உட்காரவைத்தார்.

தனியாக விட்டதும் கலைமகள் சொன்னது இன்றும் என் காதில் நிற்கிறது. "எனக்கு மாத்திரை குடுங்க மேடம். எனக்குப் பைத்தியம்தான் போலருக்கு. நான் செய்யறது ஒன்னுகூட சரியா இல்ல. எல்லாம் மறந்து மறந்து போவுதுன்னு அவரும் சொல்றாரு, அத்தையும் சொல்றாங்க. பைத்தியம்னு எழுதிட்டா பாப்பாவ எங்கிட்டேர்ந்து எடுத்துடுவாங்களா? அதுக்குள்ள சரியாக்கிடுங்க மேடம்."

பாப்பா பெயர் அபிராமி. இரண்டாம் வகுப்பு. மாமனாருக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் முடித்து வந்த வருஷம் பிறந்தவள். அவளைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் கலைமகளுக்கு எதுவும் மறக்கவில்லை என்பதை நான் கவனித்தேன். கவனித்து என்ன பயன், வாயைத் திறந்து சொல்லவில்லை.

அக்கா தன் கேள்வியைக் கேட்டார். கலைமகள் விழித்தாள்.

"தட்டாங்க? எங்க வீட்ல எல்லாருமே எலைதாங்க. கொல்லை பூரா வாழை."

"தினமுமா? தட்டே கிடையாதா?"

"ரெண்டு இருக்கு. புதுசு. ஒடுக்கெல்லாம் ஒன்னுமில்லை."

அக்காவுக்குச் சந்தோஷம். இந்தக் காலத்தில் மூன்று வேளையும் தலைவாழை இலையில் சாப்பிடுகிற குடும்பம்! குறிப்பில், 'வீட்டில் வன்முறைக்கான அறிகுறி இல்லை' என்று எழுதினார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது, மறைக்க மாட்டேன்.

டாக்டர் அவசரப்படுகிறவர் அல்ல. ஒரு மாதம் கவனித்துப் பார்த்துத்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார். இப்படிப்பட்ட நேரத்தில் நோயாளியோடு இருப்பவரிடம் ஒரு நோட்டுக் கொடுப்பது எங்கள் வழக்கம். அக்கா கட்டம் போட்டுக் கொடுத்தார். நாள், நேரம், நோயாளி செய்தது, அதற்கு முன் நடந்தது, அதற்குப் பின் நடந்தது. ரெங்கசாமி அந்தக் கட்டங்களைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு நிம்மதி.

"எத்தனை காப்பி மேடம்?"

"ஒன்னு போதும்ங்க."

"மூணா போட்டுடறேன். கார்பன் இருக்கு. கட்டம் எதையும் காலியா விடக் கூடாதுல்ல?"

"விடவே கூடாது" என்றார் அக்கா, மனசார.

அடுத்த வியாழக்கிழமை நோட்டு வந்தது. ரெங்கசாமியும் கலைமகளும் வெளியே பெஞ்சில் காத்திருக்க, டீ வந்த நேரத்தில் நான்தான் முதலில் பிரித்தேன். கையெழுத்து அச்சடித்த அழகு. அதில் இருந்ததை அப்படியே தருகிறேன்.

'9ஆம் தேதி, காலை 7.10. நோயாளி செய்தது: பத்து நிமிடம் சுவரைப் பார்த்து நின்றார். கேட்டதற்குப் பதில் இல்லை. அதற்கு முன் நடந்தது: காபி ஆறியிருந்தபடியால் மேற்படியாரை நோக்கி டம்ளரை எறிந்தேன். மேலே படவில்லை. அதற்குப் பின் நடந்தது: சுவர் துடைக்கப்பட்டது.'

'11ஆம் தேதி, பகல் 1.15. நோயாளி செய்தது: காரணமில்லாத அழுகை, சுமார் இருபது நிமிடம். அதற்கு முன் நடந்தது: சாம்பாரில் உப்பு கூடுதல். இலையைச் சாப்பாட்டோடு எடுத்து அவர் மடியில் கவிழ்த்தேன். சாம்பார் சூடு மிதம். அதற்குப் பின் நடந்தது: இரண்டாவது இலை போடப்பட்டது.'

'12ஆம் தேதி, மாலை 6.40. நோயாளி செய்தது: குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டார். அதற்கு முன் நடந்தது: இடது கன்னத்தில் இரண்டு முறை அடித்தேன். அதற்குப் பின் நடந்தது: தட்டியும் திறக்கவில்லை. பிடிவாதம் கூடி வருகிறது.'

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையொப்பம், தேதி. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் கார்பன் வைத்து மூன்று பிரதியில் கெட்டிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாவது பக்கத்தில் சிரிப்பு போய், வெளியே பெஞ்சில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த அந்த மனுஷனைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று வந்தது. அக்கா டீயைத் தொடவில்லை. பதினொன்றாம் தேதியிலேயே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எலையில ஒடுக்கு விழாதே, ஹுமைரா" என்றார். "இது எனக்குத் தோணவே இல்லையே. அந்தப் பொண்ண நானே திருப்பி அங்க அனுப்பி வச்சேனே."

அக்கா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நான் உடனே போலீசுக்குப் போகலாம் என்றேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நோயாளியோட ரெக்கார்டு நோயாளிக்குச் சொந்தம். அவங்க கேட்டா நாம குடுத்தே ஆகணும். அவங்க கேக்காம நாமளா எடுத்துக்கிட்டு ஓடக் கூடாது" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சட்டம் பேசுகிற நேரமா இது?

அக்கா என்னை உட்கார வைத்தார். "அவளுக்குப் பைத்தியம்னு ஒரு வீடே சேந்து முடிவு பண்ணிருக்கு. இப்ப நாம மூணு பேரும் சேந்து அவளுக்காக இன்னொரு முடிவு பண்ணினா, அவளுக்குன்னு என்ன மிச்சம் இருக்கும்? மொதல்ல அவ படிக்கட்டும்."

படிக்க வைப்பதற்கு அந்த ஆள் கொஞ்ச நேரம் ஒதுங்க வேண்டும். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். ரெங்கசாமியின் கையில் இருந்த இரண்டு கார்பன் பிரதிகளை வாங்கிப் புரட்டினார்.

"எல்லாம் அருமையா இருக்கு சார். பக்க எண்தான் போடலை."

ரெங்கசாமிக்கு அவமானம் தாங்கவில்லை. பதினெட்டு வருஷ சர்வீஸ். "அய்யய்யோ, எப்படி விட்டுப்போச்சு? இருங்க மேடம்" என்று சிவப்பு மை பேனாவை எடுத்துக்கொண்டு, ஸ்கேல் வைத்து மூலையில் கட்டம் போட்டு, அந்தக் கட்டத்துக்குள் எண் போட ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் எங்களுக்குக் கிடைத்தது.

உள்ளே அக்கா கலைமகள் முன்னால் நோட்டைத் திறந்து, 'நோயாளி செய்தது' என்ற கட்டத்தைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டார். "இந்தப் பக்கத்தைப் பாக்காதீங்க. மத்ததை மட்டும் படிங்க" என்றார். கலைமகள் படித்தாள். உதடு அசைய அசைய நிதானமாகப் படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மேடம், இது தப்பு."

போச்சு என்று நினைத்தேன். புருஷனுக்காகப் பரிந்து பேசப் போகிறாள்.

"பதினொன்னாம் தேதி சாம்பார் இல்லைங்க. வத்தக்குழம்பு. ஒன்னேகாலும் இல்ல, ஒன்னேமுக்கால். பாலிடெக்னிக் பஸ் போன பின்னாடிதான் அவரு சாப்பிட உக்காந்தாரு. சூடு மிதமெல்லாம் கிடையாது. அப்பதான் எறக்கினேன்."

புடவையை முழங்காலுக்கு மேல் கொஞ்சம் விலக்கிக் காட்டினாள். தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு வெந்திருந்தது. மஞ்சள் தடவியிருந்தாள். நான் மருந்து எடுக்கத் திரும்பினேன். திரும்பிய வேகத்தில் பஞ்சு டப்பா கீழே உருண்டது.

"ஞாபக சக்தி எப்படி இருக்கு?" என்று டாக்டர் மெதுவாகக் கேட்டார்.

"நம்ம மூணு பேருக்கும் சேத்து இருக்கு சார்" என்றார் அக்கா.

கட்டுப் போடும்போது கலைமகளே இலையின் கதையைச் சொன்னாள். கல்யாணமான புதிதில் அந்த வீட்டில் தட்டுதானாம். எறிந்தால் பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்கிறது, மானம் போகிறது என்று மாமியார்தான் இலைக்கு மாற்றினாராம். அந்த வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் இலையைப் பார்த்து மெச்சிவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்கள் அக்காவும் மெச்சினார்தானே.

அபிராமி மேல் ரெங்கசாமி கை வைப்பதில்லை என்பதை அக்கா கேட்டு உறுதி செய்துகொண்டார். எந்த நேரத்திலும் கூப்பிடலாம் என்று பெண்கள் உதவி மையத்தின் 181 என்ற எண்ணையும் தன் எண்ணையும் மனப்பாடம் செய்யச் சொன்னார். பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருக்கிறார், தங்க இடம் உண்டு, நோட்டின் பிரதியை எழுத்தில் கேட்டால் கொடுக்க நாங்கள் கடமைப்பட்டவர்கள் என்று எல்லாம் சொன்னார். கலைமகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, பக்க எண் போட்டு முடித்த புருஷனோடு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அடுத்த இரண்டு வாரம் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அக்காவோடு சண்டை போட்டேன். அந்த ஊர் கிராம செவிலியர் இரும்புச் சத்து மாத்திரை என்ற சாக்கில் இரண்டு நாளுக்கு ஒரு முறை அந்த வீட்டு வாசலை எட்டிப் பார்த்து அக்காவுக்குப் போன் செய்துகொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அந்த இரண்டு வியாழக்கிழமையும் நோட்டு தவறாமல் வந்தது, பக்க எண்களோடு. மூன்றாவது வியாழக்கிழமை கலைமகள் தனியாக வந்தாள். தனியாக என்றால், இடுப்பில் ஒரு பையும் கையில் அபிராமியும். ரெங்கசாமிக்குக் கார்பன் தீர்ந்துவிட்டதாம். இப்போதெல்லாம் கார்பன் எங்கே கிடைக்கிறது? அதைத் தேடித் தஞ்சாவூர் போயிருந்தார். நோட்டை மட்டும் மனைவியிடம் கொடுத்து அனுப்பியிருந்தார்.

கடைசிப் பக்கத்தில் இது இருந்தது.

'29ஆம் தேதி, மாலை 5.30. நோயாளி செய்தது: சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் சிரித்தார். அதற்கு முன் நடந்தது: நான் இந்த நோட்டை எழுதிக்கொண்டிருந்தேன். வேறு எதுவும் நடக்கவில்லை. காரணம் தெரியவில்லை.'

"ஏன் சிரிச்சீங்க?" என்று அக்கா கேட்டார்.

"முந்தின நாள் தலைமுடியப் பிடிச்சு இழுத்தாரு மேடம். மறுநாள் எங்கிட்டயே வந்து, 'நேத்து மணி என்ன இருக்கும்?'னு கேட்டாரு. அஞ்சு அம்பதுன்னேன். 'அஞ்சு அம்பது' அப்படின்னு சொல்லிக்கிட்டே எழுதுறாரு. எனக்குத்தான் எதுவும் ஞாபகம் இல்லைன்னு சொல்ற மனுசன், எங்கிட்டயே கேட்டு எழுதுறாரு. அப்ப தோணிச்சு, இங்க யாருக்குப் பைத்தியம்னு. சிரிப்பு வந்துடுச்சு. அடக்க முடியலை." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "மேடம், எனக்கு அந்த நோட்டுல ஒரு காப்பி வேணும். எழுதியே குடுக்கறேன்."

அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் போட்டுத் தன் கையால் எழுதினாள். டாக்டர் கையெழுத்துப் போட்டார். நான் ஜெராக்ஸ் எடுக்கப் போனேன். போனேன் என்ன, ஓடினேன். பாதுகாப்பு அலுவலர் ஜீப் இரண்டு மணிக்கு வந்தது. தஞ்சாவூரில் ரெங்கசாமி கார்பனுக்கு அலைந்துகொண்டிருந்தபோது, இவர்கள் திருவிடைமருதூரில் கலைமகளின் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

மறுவாரம் ரெங்கசாமி வந்து குதித்தார். டாக்டர் நிதானமாக அவர் கேட்ட சர்டிபிகேட்டைக் கொடுத்தார். கலைமகளுக்குப் பகுத்தறியும் திறன், நினைவாற்றல், குழந்தையைப் பராமரிக்கும் திறன் எல்லாம் சரியாக உள்ளன, தூக்கமின்மையும் மனச்சோர்வும் வீட்டில் அவர் தாக்கப்படுவதால் வந்தவை என்று இருந்தது. ரெங்கசாமி இரண்டு முறை படித்தார்.

"தாக்கினேனா? யாரு சொன்னா? எங்க ஆதாரம்?"

"நீங்கதான் எழுதியிருக்கீங்க சார்" என்றார் அக்கா.

"அது அவளுக்கு வந்த சிம்ப்டம் மேடம்! முன்னாடி நடந்தது என்னன்னு ஒரு கட்டம் போட்டிருந்தீங்க, நிரப்பினேன். காலியா விடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அந்த மனுஷன் நடிக்கவில்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. எனக்கு அன்றைக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் வந்தது.

ஆவணியில் கோர்ட். கோர்ட் கேட்டபடி அசல் நோட்டை எடுத்துக்கொண்டு அக்கா சாட்சி சொல்ல வந்தார். அவருக்குத் துணையாக நானும் போய் உட்கார்ந்திருந்தேன். ரெங்கசாமியின் வக்கீல் கெட்டிக்காரர். நோட்டைக் கையில் வாங்கி, இரண்டு பக்கம் புரட்டி, தூர வைத்தார். இது என் கட்சிக்காரர் எழுதியதே அல்ல, இவர்களாகவே யாரையோ வைத்து அவசரமாகக் கிறுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்றார். நோட்டு போனால் எல்லாம் போச்சு. முன் வரிசையில் கலைமகள் அபிராமியின் கையை இறுக்கிப் பிடித்தாள். பிள்ளை, "வலிக்குதும்மா" என்றது.

அப்போது ரெங்கசாமி எழுந்துவிட்டார்.

"ஐயா, மன்னிக்கணும். அது என் எழுத்துதான்."

வக்கீல் அவர் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார். அவர் உட்காரவில்லை.

"அவசரமாக் கிறுக்கினதுன்னு சொல்லாதீங்க சார். பதினெட்டு வருசமா எழுதுறேன், ஒரு திருத்தம் காட்டுங்க பாப்போம். பக்க எண் சிவப்பு மையில இருக்கும் பாருங்க. ஸ்கேல் வச்சுப் போட்டது."

நீதிபதி அம்மா நோட்டைத் தன் கைக்கு வாங்கினார். பிறகு சிவப்பு மை இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. இடைக்கால உத்தரவில் அபிராமி அம்மாவிடம் இருக்க வேண்டும், ரெங்கசாமி அவர்கள் இருக்கும் வீட்டுப் பக்கம் போகக் கூடாது என்று வந்தது. அவரும் எங்களிடம் ஆலோசனைக்கு வர வேண்டும் என்றும் சொன்னார்கள். வருகிறார். அக்கா அவருக்கும் ஒரு நோட்டுக் கொடுத்திருக்கிறார், தன் கோபத்தைப் பற்றி எழுதச் சொல்லி. அதே கட்டங்கள்தான். இன்றுவரை ஒரு வரி நிரப்பவில்லை.

அதற்குப் பிறகு அக்கா தன் கேள்வியை மாற்றிக்கொண்டார். முதலில், தட்டா இலையா என்று கேட்கிறார். இலை என்றால் அதோடு விடுவதில்லை, எத்தனை வருஷமாக இலை, யார் மாற்றினார்கள் என்று குடைந்துவிடுகிறார். உண்மையிலேயே வாழைத்தோப்பு வைத்திருக்கிற நல்ல குடும்பங்கள் இரண்டு மூன்று இதில் நொந்துபோயின.

போன மாதம் திருவிடைமருதூர்ப் பக்கம் முகாம். மதியம் கலைமகள் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். தன் அக்கா வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒற்றை அறை வாடகைக்கு எடுத்திருக்கிறாள். தறிக்காரர்களுக்கு நூல் சுற்றிக் கொடுக்கிறாள். தூங்குகிறாளாம். மாத்திரையை டாக்டர் குறைத்துவிட்டார். சுவரில் ஒரு மர அடுக்கு, அதில் ஆறு தட்டு. எல்லாம் புதுசு. கண்ணாடி போலப் பளபளவென்று இருந்தன. அவள் அதைத் துடைத்து வைத்திருந்த விதத்திலேயே தெரிந்தது, அக்கா பார்க்க வேண்டும் என்று வைத்தது.

அபிராமி, "நான்தான் குடுப்பேன்" என்று இரண்டு தட்டைச் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். நிலைப்படியில் கால் தடுக்கியது. பிள்ளை விழவில்லை. ஒரு தட்டு சிமெண்ட் தரையில் விழுந்து சுழன்றது.

அந்தச் சத்தம் அடங்கும்வரை யாரும் அசையவில்லை. கலைமகளின் தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. பிள்ளை அம்மா முகத்தைப் பார்த்தது, பிறகு வாசலைப் பார்த்தது. வாசலில் யாரும் இல்லை. அக்காவைப் பார்த்தேன். அவரும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஐம்பது வயசில்.

கலைமகள் குனிந்து தட்டை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒடுக்கு. அதைத் தடவிப் பார்த்துவிட்டு அக்காவிடம் நீட்டினாள்.

"மேடம், இது கீழ விழுந்ததுதான். எழுதிக்காதீங்க."

முதலில் சிரித்தது அபிராமி. பிறகு நாங்கள் எல்லோரும். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, அது சிரிப்பில் வந்ததுதானா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தத் தட்டிலேயே தனக்குச் சோறு போடச் சொன்னார். இரண்டாம் தடவை குழம்பு வாங்கிச் சாப்பிட்டார்.

அன்றைக்கு மாலை நான் வீட்டுக்குள் கால் வைக்கவில்லை, அதற்குள் ரெமிஜியஸ் அண்ணன் போன் செய்தார்.

"என்னம்மா நடந்துச்சு அங்க? உங்க அக்கா வந்ததும் வராததுமா பரண்ல ஏறி அந்த ஏழு தட்டையும் எறக்கிட்டா. கழுவி அடுக்குல வச்சிருக்கா. இப்ப ஒன்னுல எனக்குச் சோறு போட்டு வச்சுட்டு உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கா. நான் என்னம்மா செய்யட்டும்?"

"சாப்பிடுங்கண்ணே" என்றேன்.